சோளமாவும் சூத்தைப் பல்லும்

தேத்தண்ணியைக் குடியுங்க தங்கச்சி, இதை ஒரே மூச்சில் சொல்ல ஏலாது. உங்கட மகனுக்கு இருப்பது கிளைகோஜன் சேமிப்பு நோய், முதலாம் வகை. சாப்பிட்ட மாச்சத்தை ஈரல் கிளைகோஜனாகச் சேர்த்துவைத்து, பசி நேரத்தில் குளுக்கோசாக்கி இரத்தத்தில் விடும். அவன்ட ஈரல் சேர்க்கும், திருப்பித் தராது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகும். மச்சான் மச்சாள் முடிக்கிற நம்மட பக்கத்தில் அதற்கு வாய்ப்புக் கூட. உங்களில் குற்றம் இல்லை.

ஈரல் திருப்பித் தராததால்தான் சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நடுச்சாமத்திலும், பச்சைச் சோளமாவைக் கரைத்துக் கொடுக்கிறீங்க. 1984இல் அமெரிக்க வைத்தியர்கள் இதன் பலனைக் காட்டுவதற்கு முதல், இரவு முழுக்க மூக்குக் குழாயால்தான் உணவு ஏற்றினார்கள். ஆகவே பல் சூத்தையாகுமென்று பயந்து மாவில் ஒரு கரண்டியும் குறைக்க வேண்டாம்.

ஆனால் வாய்க்கு ஓய்வில்லை. ஒவ்வொரு தரமும் கிருமிகள் மாச்சத்தை அமிலமாக்கும். அதை எச்சில் ஆற்ற அரை மணித்தியாலமளவு வேண்டும், நித்திரையில் எச்சிலும் குறைவு. மா குடித்ததும் இரண்டு மிடறு தண்ணி கொடுங்க. காலையும் படுக்கைக்கு முன்னும் ஃபுளோரைட் பற்பசையால் நீங்களே தீட்டிவிடுங்க: மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு. பல் கிளினிக்கில் ஃபுளோரைட் வார்னிஷ் பூசச் சொல்லிக் கேளுங்க. சூத்தையை முளையிலேயே மறிப்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் பல் பிடுங்குவது இவனுக்குச் சின்ன வேலையில்லை.

மயக்க மருந்து என்றால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். இவனை அப்படி வைத்தால் குளுக்கோஸ் விழுந்து வலிப்பு வரலாம். வாயால் கொடுப்பது நின்ற நேரத்திலிருந்தே குளுக்கோஸ் சேலைன் ஏற வேண்டும். விறைப்பு ஊசிக்குப் பட்டினியே தேவையில்லை, மா குடித்த கையோடு போகலாம். இரத்தமும் லேசில் நிற்காது, குளுக்கோஸ் சீராக இருந்தால் அதுவும் தேறும். அதனால் நோவுக்கு அஸ்பிரின், ஐபுபுரோஃபன் வேண்டாம். பாணி மருந்தில் சீனி இருக்கிறதா என்று பாருங்க. முதலாம் வகையில் ஒன்று-பி என்ற பிரிவென்றால் வெள்ளணுவும் குறைவு, முரசு வீங்கினால், வாய் புண்பட்டால் அன்றைக்கே காட்டுங்க.

பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில் பார்க்கிறவருக்கு இந்த நோய் புதிதாக இருக்கலாம். நோயின் பெயர், வகை, மா கொடுக்கும் நேரம், பிள்ளை வைத்தியரின் தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி, வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னமே கையில் கொடுங்க. உங்கட படுவான்கரையிலிருந்து போதனா வைத்தியசாலைக்கு வரும்போது பஸ் பிந்தும், வரிசை நீளும். அடுத்த வேளைக்குரிய மாவும் தண்ணிப் போத்தலும் பையில் இருக்கட்டும்.