ஏலமலையும் ஏறி இறங்குகிறது

கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூருக்கும் கடல் ஓதத்திற்கும் தொடர்பில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் நிலவும் சூரியனும் நீரை மட்டும் தேர்ந்து இழுப்பதில்லை என்பதால், போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையும், மேலே பரந்துள்ள ஏலத்தோட்டங்களும், அவற்றைத் தாங்கும் சார்னோகைட் பாறையும் நாள்தோறும் இருமுறை, புவி மையத்திலிருந்து அளந்தால், ஏறத்தாழ 30 செ.மீ. உயர்ந்து தாழ்கின்றன. இதற்கு நில ஓதம் என்று பெயர்.

ஓதத்திற்குக் காரணம் நிலவின் ஈர்ப்பு என்று சொல்லி நிறுத்துவது பாதி உண்மையே ஆகும். புவியின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இழுக்கப்பட்டால் ஓதமே தோன்றாது. நிலவை நோக்கிய பக்கம் புவி மையத்தைவிடச் சற்று மிகுதியாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் குறைவாகவும் இழுக்கப்படும் அந்த வேறுபாடே ஓதவிசை என்பதால், புடைப்பு இருபக்கமும் எழுகிறது. புவி ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் முன்னேறிவிடுவதால், ஓரிடம் மீண்டும் நிலவுக்கு நேராக வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. எனவே ஓர் ஏற்றத்திற்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம் செல்கிறது. இவ்விசை தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், பேருருவான சூரியனின் பங்கு நிலவினுடையதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இரண்டும் கூடி ஓதத்தைப் பெருக்குகின்றன, அட்டமியை ஒட்டி ஒன்றையொன்று குறைக்கின்றன.

விசையோ மிகச் சிறியது. நிலவு உச்சியில் நிற்கும்போது 50 கிலோ ஏலக்காய் மூட்டையின் எடை சுமார் 5 மில்லிகிராம் மட்டுமே குறையும். போடியின் ஏல வணிகர் எவரும் இதனால் நட்டமடையப் போவதில்லை. இத்தகைய விசை கடலை மேலே தூக்குவதில்லை. பக்கவாட்டில் செயல்படும் அதன் கூறு, பல்லாயிரம் கிலோமீட்டர் பரந்த நீரைச் சிறிது சிறிதாக நகர்த்திக் குவிப்பதாலேயே ஏற்றம் உண்டாகிறது.

நில ஓதம் கண்ணுக்குப் புலப்படாமைக்குக் காரணம், மலை, வீடு, மனிதர், அளவுகோல் யாவும் ஒன்றாகவே உயர்வதுதான். எனினும் கடலோர அளவுமானி காட்டுவது நீர் உயர்வுக்கும் நில உயர்வுக்கும் உள்ள வேறுபாட்டை என்பதால், கடலே இதற்குச் சாட்சி ஆயிற்று. இங்கிலாந்து, பிரான்சு, இந்தியா ஆகிய நாடுகளின் 14 துறைமுகங்களில் எடுக்கப்பட்ட அளவீடுகளை 1880-களில் ஆராய்ந்த ஜார்ஜ் டார்வின், பரிணாமக் கொள்கை வகுத்த சார்லசு டார்வினின் மகன், இரு வாரத்திற்கு ஒருமுறை நிகழும் ஓதம் கணக்கில் வரவேண்டியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே இருப்பதைக் கண்டு, எஞ்சிய பங்கு புவியே வளைந்து கொடுப்பதால் மறைகிறது என்றும், புவியின் விறைப்பு எஃகினுடையதை ஒத்தது என்றும் முடிவு செய்தார். ஜெனீவா அருகே 27 கி.மீ. சுற்றளவில் அமைந்த செர்ன் துகள் முடுக்கி, நில ஓதத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விரிந்து சுருங்குவது 1990-களில் துகள்களின் ஆற்றல் மாற்றத்தைக் கொண்டே அறியப்பட்டது.

விசை எங்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் கடல் ஓதம் இடத்திற்கு இடம் பெரிதும் மாறுவது, கடலடியின் ஆழத்தையும் கரையின் வடிவத்தையும் பொறுத்தது. போடிமெட்டு முகட்டின் கிழக்கே பெய்யும் மழை கொட்டகுடி ஆறாக இறங்கி வைகையில் கலந்து பாக் விரிகுடாவை நோக்கிச் செல்கிறது; மேற்கே பெய்வது பன்னியாறு வழியே பெரியாற்றைச் சேர்ந்து கொச்சியை ஒட்டி அரபிக்கடலை அடைகிறது. ஆழமற்ற பாக் விரிகுடாவில் ஓதம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கொச்சியிலோ பெரிய ஓத நாட்களில் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதே அரபிக்கடலின் வடக்கே, புனல்போல் குறுகும் காம்பே வளைகுடாவில், உள்ளே நுழையும் ஓதஅலை ஒடுங்கி உயர்வதோடு அவ்வளைகுடாவின் இயற்கையான அலைவுக் காலமும் ஓதத்தின் காலத்தை நெருங்குவதால், பாவ்நகர் அருகே நீர்மட்டம் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது.