நட்சத்திர நோட்டக்காரர்

மனிதர்களுடைய பொழுதுபோக்குகள்தாம் எத்தனை விதம்! ஒருவர் தபால் தலை சேர்க்கிறார். மற்றொருவர் பழைய செப்புக் காசுகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். இன்னொருவர் தோட்டத்துக்கு வரும் பறவைகளுக்குக் கணக்கு எழுதி வைக்கிறார். இவர்களையெல்லாம் நாம் ஒருவாறு புரிந்துகொள்கிறோம். ஆனால், இரவுதோறும் மொட்டை மாடியில் ஏறி, ஒரு நட்சத்திரத்தின் ஒளி இன்று எவ்வளவு என்று பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்கி வருபவரைக் கண்டால் என்ன சொல்வோம்? வீட்டில் உள்ளவர்கள் வைத்தியரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்!

இந்த விநோதமான பித்துக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுள் முன்வரிசையில் வைத்துப் போற்றத் தக்கவர் நம் தேசத்துக் குமாஸ்தா ஒருவர் என்பதைப் பலர் அறியார்.

ராதா கோவிந்த சந்திரர் 1878-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸோர் ஜில்லாவில் பிறந்தவர். பள்ளியில் படிக்கையில், பிரபஞ்சத்தின் விரிவைப் பற்றிய ஒரு பாடம் அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டது. அன்று வானத்தை நோக்கித் திரும்பிய கண் பிறகு பாடப் புத்தகத்துக்கு முழுமையாகத் திரும்பவேயில்லை. பிரவேசப் பரீட்சைக்கு மீண்டும் மீண்டும் சென்றும் அவர் தேறவில்லை. முடிவில் ஜில்லா கஜானாவில், நாணயங்கள் நல்லவையா கள்ளவையா என்று பார்த்துச் சொல்லும் நோட்டக்காரராகச் சொற்பச் சம்பளத்தில் அமர்ந்தார்.

பகலில் காசுகளை நோட்டம் பார்த்தவர், இரவில் நட்சத்திரங்களை நோட்டம் பார்த்தார். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியபோது, சாதாரண பைனாகுலர் ஒன்றின் துணைகொண்டே அதைக் கவனித்து எழுதினார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றை வரவழைத்தார். சிறிய குமாஸ்தா ஒருவருக்கு அது எளிய செலவன்று. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கருட மண்டலத்தில் அதுவரை அங்கே காணப்படாத பிரகாசமான நட்சத்திரம் ஒன்று திடீரென ஒளிர்ந்தது. யாரும் சொல்லாமல் தாமாகவே அதைக் கண்டுகொண்டவர்களில் நம் குமாஸ்தாவும் ஒருவர். தாம் கண்டதை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்கு எழுதினார். அதன் வாயிலாக, மாறும் நட்சத்திரங்களை நோக்குவோருக்கென்று 1911-இல் அங்கே தோன்றிய சங்கத்தின் தொடர்பு அவருக்குக் கிட்டிற்று.

மாறும் நட்சத்திரம் என்பது என்ன? எல்லா நட்சத்திரங்களும் என்றும் ஒரே அளவாக ஒளி வீசுவதில்லை. மீரா என்னும் நட்சத்திரம் ஏறக்குறைய 332 நாட்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியும்படி ஒளி பெருகும். பிறகு மெல்ல மெல்ல மங்கி மறைந்துவிடும். இதனை அளக்கும் முறை மிகவும் எளியது. அருகில் உள்ள, ஒளி மாறாத நட்சத்திரங்களில் சற்று மிகுந்த ஒளியுடையது ஒன்று, சற்றுக் குறைந்தது ஒன்று என இரண்டைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் நட்சத்திரம் அவ்விரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று கண்ணால் மதித்து, நாளும் நேரமும் இட்டு எழுத வேண்டும். அவ்வளவே. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நேற்று என்ன எழுதினோம், இன்று என்ன இருக்க வேண்டும் என்பதை மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். கண்டதைக் கண்டபடி எழுதுவதே அதன் தர்மம்.

பெரிய நிலையங்கள் இருக்க இதற்கு ஒரு குமாஸ்தா எதற்கு என்று கேட்கலாம். அத்தகைய நட்சத்திரங்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. பெரிய கருவிகளோ சில. அன்றியும், அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது ஜெஸ்ஸோரில் இரவு. அங்கே பார்க்க இயலாத நேரத்து ஒளியை இங்கே ஒருவர் பார்த்து எழுதினால்தான் கணக்கில் இடைவெளி விழாது.

1919 முதல் 1954 வரை சந்திரர் எழுதிய மதிப்பீடுகள் 37,000-க்கும் அதிகம். அவர் உழைப்பைக் கண்ட அமெரிக்கச் சங்கத்தார் 1926-இல் ஆறு அங்குலத் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பினார்கள். 1928-இல் பிரெஞ்சு அரசாங்கம் விருதளித்துக் கௌரவித்தது. அந்நிய ஆட்சியில் நாணயம் பார்க்கும் சிப்பந்தியாக இருந்தவரை, உலக விஞ்ஞானம் சமமானவராக மதித்துக் கடிதம் எழுதிற்று. 1947-இல் தேசம் பிரிந்தது. ஜெஸ்ஸோர் எல்லைக்கு அப்பால் போயிற்று. முதுமையில் இப்பால் வந்து சேர்ந்த அவர் 1975-இல் காலமானார். அவர் கையாண்ட ஆறு அங்குலக் கண்ணாடி, வானியல் அறிஞர் வைணு பாப்புவிடம் சென்று, பின்னர் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை அடைந்தது.

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி தோன்றுகிறது. 2020 ஜனவரியில் என் வகுப்புப் பையன் ஒருவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதிகளும், "ரோகிணியை விடக் குறைவு" என்பது போன்ற குறிப்புகளும் கிடந்தன. கணக்கில் அவன் பெற்றது பதினெட்டு மதிப்பெண். "இந்தக் கிறுக்கலுக்கா நோட்டு?" என்று கடிந்து அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். சில நாட்களில் பத்திரிகையில் ஒரு செய்தி கண்டேன். திருவாதிரை நட்சத்திரம் என்றுமில்லாதபடி மங்கி வருவதாகவும், உலகெங்கும் அதைக் கவனித்து வருவதாகவும் அதில் எழுதியிருந்தது. அந்நட்சத்திரம் தானே கக்கிய தூசிப் படலம் அதை மறைத்ததே காரணம் என்று பிற்பாடு ஆராய்ந்து கூறினார்கள். ஒருவரும் சொல்லாமல் அந்தப் பையன் அதைக் கண்டிருந்தான்! நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் இடையில் இரண்டு வாரங்கள் வெறுமையாகப் போயிருந்தன. "போனது போகட்டும் ஸார், அந்த நாட்களை இனிப் பார்க்க முடியாது" என்றான். அதில் கோபம் இல்லை; அதனாலேயே எனக்கு அதிகமாக உறைத்தது.

இத்தகைய பொழுதுபோக்குகளை மனிதர் ஏன் நேசிக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பரீட்சையில் தேறாதவனை வானம் ஒதுக்குவதில்லை. உண்மையாகப் பார்த்து உண்மையாக எழுதுவதொன்றே அது கேட்கும் தகுதி. யாரும் ஏவாமல், கூலி எதிர்பாராமல் செய்யும் அந்தச் சிறு வேலையில், ஏழைக் குமாஸ்தாவும் பெரிய காரியம் ஒன்றில் பங்காளி ஆகிறான்.

உங்கள் வீட்டுக் குழந்தையின் நோட்டில் பொருள் விளங்காத கணக்கு ஏதேனும் தென்பட்டால், பிடுங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.