டானிக்குக்கு முன்னால் அளவு நாடா

வளரும் பிள்ளை – 9

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்கு வரும் காயில் பெரும்பகுதி கேரளாவுக்கு லோடு ஏறுகிறது. சுற்றுவட்டாரத்து முருங்கை, வெண்டை, தக்காளியோடு கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் கேரட்டும் பீன்ஸும் சேர்ந்துகொள்ளும். அதே ஊரில் மருந்துக்கடை வாசலில் நின்றால் இன்னொரு பேச்சு காதில் விழும்: "புள்ள வயசுக்குத் தகுந்த ஒசரம் இல்லைங்க. நல்லா வளர்ற மாதிரி ஒரு டானிக் குடுங்க." கடைக்காரரும் ஒரு மல்டிவைட்டமின் பாட்டிலை எடுத்து வைப்பார்.

காய்கறி விளையும் ஊரில் வைட்டமின் பாட்டிலா என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் தாயின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வைட்டமின் கொடுத்தால் பிள்ளை உயருமா, உயராதா?

இதற்கான விடையைத் தேடி வெளிநாடு போக வேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே நடந்த இரண்டு ஆய்வுகள் போதும்.

முதலாவது திருச்சி மாவட்டத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் பள்ளி செல்லும் வயது வராத 15,419 குழந்தைகளை இதில் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். மறு பிரிவுக்குப் பார்வைக்கு அதே மாதிரியான மருந்து, ஆனால் வைட்டமின் ஏ கிடையாது. ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் இந்த முடிவை வெளியிட்டது. மாலைக்கண் வராமல் காக்கும் சத்து என்று மட்டும் நாம் அறிந்திருந்த வைட்டமின், குடல், நுரையீரல் ஆகியவற்றின் உள்பூச்சையும் நோய் எதிர்ப்புச் சக்தியையும் காத்து, பேதியும் தட்டம்மையும் உயிரைக் கொண்டுபோகாமல் தடுக்கிறது.

இரண்டாவது ஆய்வு வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. உஷா ராமகிருஷ்ணன், ஏபெல் உள்ளிட்டோர் சின்னக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏ கொடுத்து, உயரத்தையும் எடையையும் தொடர்ந்து அளந்தார்கள். 1995-ல் 'ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன்' வெளியிட்ட அந்தக் கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: வைட்டமின் ஏ கொடுத்ததால் வளர்ச்சி கூடவில்லை.

உயிரைக் காத்த சத்து உயரத்தைக் கூட்டவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் டானிக் பாட்டிலின் உண்மையான மதிப்பு பிடிபடும்.

"வைட்டமின் என்றால் வளர்ச்சி" என்ற பெயர் எப்படி வந்தது? 1913-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்கல்லமும் மார்கரீட் டேவிஸும் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பு கலந்த தீவனம் போட்டபோது, ஒரு கட்டத்தில் அவற்றின் வளர்ச்சி நின்றது. வெண்ணெய்க் கொழுப்பைக் கலந்ததும் மறுபடி வளர்ந்தன. பிற்பாடு வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது அந்த வெண்ணெயில் இருந்த சத்துதான். ஆனால் கூண்டில் இருந்த எலிக்கு மற்ற எல்லாம் கிடைத்தன, அது ஒன்றுதான் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைக்குப் பருப்பும் குறைவு, பாலும் முட்டையும் குறைவு, நடுவே மாதம் ஒரு பேதி, ஒரு காய்ச்சல். அங்கே ஒரே ஒரு குறையை மட்டும் நிரப்பினால் வளர்ச்சி நகராது. குறை இல்லாத பிள்ளைக்கோ, கூடுதல் வைட்டமின் எலும்பை ஒரு மில்லிமீட்டர்கூட நீட்டாது.

வைட்டமின் டி இதற்கு விலக்கு போலத் தோன்றலாம். சென்ற வாரம் எலும்பின் நுனியில் உள்ள வளர்தட்டைப் பார்த்தோம். அங்கே புதிதாக உண்டாகும் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்தால்தான் அது கெட்டி எலும்பாகும். உணவிலுள்ள கால்சியத்தைக் குடலிலிருந்து உறிஞ்ச உதவுவது வைட்டமின் டி. அது குறைந்தால் வளர்தட்டு இறுகாமல் அகன்றுபோகிறது, கால் வளைகிறது, உயரமும் குறைகிறது. இதுதான் ரிக்கெட்ஸ். குறை இருக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் நன்றாகத் தெளியும். குறை இல்லாதவனுக்கு இங்கேயும் லாபம் கிடையாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. வரம்பை மீறிய தண்ணீரைப் பல ஆண்டு குடித்து, உணவில் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு ரிக்கெட்ஸ் போலவே கால் வளையலாம். அந்த வீட்டில் முதலில் மாற வேண்டியது தண்ணீர்.

இனி ஹார்மோன்களுக்கு வருவோம். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் அதில் பாதி. பிறகு பருவ வயது வரை ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர். முதல் கட்டத்தில் உணவின் கை ஓங்கியிருக்கும், நடுக் கட்டத்தில் வளர்ச்சி ஹார்மோன், கடைசியில் பாலின ஹார்மோன்கள். தைராய்டு மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை உடன் வரும்.

வளர்ச்சி ஹார்மோன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியில் சுரக்கிறது, ஆழ்ந்த தூக்கத்தில் அதிகமாக. அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. வளர்தட்டில் பெரும்பகுதி வேலை இதன் வழியாகத்தான் நடக்கிறது. பட்டினி கிடக்கும் பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்தால் வளர்ச்சி ஹார்மோன் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும், ஐ.ஜி.எஃப்-1 மட்டும் சரிந்திருக்கும். கேரளாவிலிருந்து ஆர்டர்மேல் ஆர்டராக போன் வருகிறது, கமிஷன் கடையில் சரக்கு இல்லை, வண்டி கிளம்பவில்லை. புரதமும் சோறும் போதாத உடம்பில் இதுதான் நடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஊசியல்ல, முட்டையும் பருப்பும். வளர்ச்சி ஹார்மோன் உண்மையிலேயே சுரக்காத பிள்ளைகளும் உண்டு, ஆனால் மிகக் குறைவு. அவர்களுக்குத்தான் ஊசி, அதுவும் பரிசோதனைக்குப் பிறகு.

தைராய்டு கதை வேறு. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் உண்டாகாது, அதனால்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். பிறவியிலேயே இந்தச் சுரப்பி வேலை செய்யாத குழந்தையை ஆரம்பத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் உயரமும் அறிவும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். தாமதித்தால் உயரத்தை ஓரளவு மீட்கலாம், மூளைக்கு நேர்ந்த இழப்பை மீட்க முடியாது.

கடைசிக் கட்டம் பருவ வயது. அப்போது வேகம் கூடி, பிறகு வளர்தட்டு மூடிக்கொள்கிறது. ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, அதை மூடவைப்பது ஈஸ்ட்ரோஜன். 1994-ல் மருத்துவ உலகம் ஓர் அபூர்வ மனிதரைப் பற்றிப் படித்தது. ஈஸ்ட்ரோஜன் அவர் உடம்பில் வேலை செய்யவில்லை. 28 வயதில் 204 சென்டிமீட்டர் உயரம், வளர்தட்டு அப்போதும் மூடவில்லை. மற்றவர்களுக்கு அந்தக் கதவு நேரத்துக்கு மூடிவிடும். பெண்பிள்ளை வயசுக்கு வந்த பிறகு சராசரியாக 5 முதல் 7 சென்டிமீட்டர்தான் பாக்கி. வளர்தட்டு மூடிய பிறகு விற்கப்படும் எந்த 'ஹைட்' பவுடரும் காசுக்குத்தான் கேடு.

அதிகம் கொடுத்தால் கெடுதலா? சில வைட்டமின்களில் ஆமாம். ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வைட்டமின் ஏ மிகையானால் வளர்தட்டு முன்கூட்டியே மூடுவதும் உண்டு. அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ கணக்குப் பார்த்துக் கொடுப்பது. கடையில் வாங்கும் பாட்டிலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

அப்படியானால் தாய் என்ன செய்வது? 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியபோது, இன்றைய திண்டுக்கல் மாவட்டம் அதற்குள்தான் இருந்தது. அந்தத் திட்டம் ஒரு நல்ல பாடம் சொன்னது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். ஒல்லியா, குண்டா என்பதைவிட, போன மாதத்துக்கு இந்த மாதம் ஏறியதா என்பதைக் கவனித்தார்கள். ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு, தேறியதும் நிறுத்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அந்தப் பாடம் இன்னும் பழசாகவில்லை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். செருப்பைக் கழற்றி, பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் தட்டையான புத்தகம் வைத்துக் கோடு போடுங்கள். தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அளங்கள். நாலு வயது முதல் பருவ வயது வரை ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் அந்தக் குறிப்போடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறியிருந்தால், குட்டையாகத் தெரியும் பிள்ளை பெரும்பாலும் தாய் தகப்பன் உயரத்தைக் கொண்டவன்தான். டானிக் காசுக்கு முட்டை வாங்குங்கள். முருங்கைக்காயை மார்க்கெட்டுக்கு அனுப்பினாலும் கீரையில் ஒரு கைப்பிடியை வீட்டுக்கு எடுத்து வையுங்கள். அதிலுள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேர ஒரு கரண்டி எண்ணெயோடு வதக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: எட்டு வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிந்தால் என்ன செய்வது?)