செம்பூரின் முதுகு

மும்பை செம்பூரின் டைமண்ட் கார்டனில் காலை நடை முடித்து பெஞ்சில் உட்காரும் பெரியவர்களிடம் முதுகுவலி என்று சொல்லிப் பாருங்கள். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பார்கள். இருந்தது. அமிர்தாஞ்சன் டப்பா இல்லாத தமிழ் வீடு அன்றைக்கு பம்பாயில் அபூர்வம். 1893-ல் பம்பாயில் பிறந்து 1914-ல் சென்னைக்குப் போய்விட்ட தைலம் அது. நம்மவர்கள்தான் எதிர்த்திசையில் ரயிலேறினார்கள். வாயுப் பிடிப்பு, சுளுக்கு என்று ஏதோ ஒரு பெயர் சொல்லித் தேய்த்துக்கொண்டு மறுநாள் ஆபீஸ் போனார்கள். பெண்களுக்கு அந்தத் தேய்ப்பும் எல்லோரும் படுத்த பிறகுதான். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து வாளி வாளியாகச் சுமந்த இடுப்பைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

எனவே அந்தக் காலத்துக்குக் கற்பூரம் காட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பழைய செம்பூர் தன்னை அறியாமலே முதுகுக்கு உபகாரம் செய்தது. யாரையும் ஒரே நிலையில் வெகுநேரம் இருக்க விடவில்லை.

1950-களில் செம்பூரை அடுத்த டிராம்பே பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன. மாட்டுங்காவில் இடம் கட்டுப்படியாகாத தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கு நகர்ந்தன. கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோவாகவும் இருந்தவர்கள் அவர்களில் பலர். டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மணி அடிக்கும்; கையை நீட்டி கேரியேஜைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் மாற்றி, மறுபடி செருக வேண்டும். அடித்ததை அதிகாரி மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். டிக்டேஷன் என்று கூப்பிட்டால் நோட்டும் பென்சிலுமாக எழுந்து ஓட வேண்டும். போக வர ஹார்பர் லைன் ரயிலில் நின்றபடியே பயணம். வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அங்கே தரையில் உட்கார்ந்து சாப்பாடு, அருவாமணை முன் குந்திக் காய் நறுக்கல். வசதியான வாழ்க்கை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். உடம்பு மட்டும் நாள் முழுக்க மடங்கி, நிமிர்ந்து, திரும்பிக்கொண்டே இருந்தது.

இன்றைக்கு செம்பூர் திலக் நகரின் பழைய கட்டடங்கள் பல இடிபட்டு, லிஃப்ட் வைத்த கோபுரங்களாகிவிட்டன. 2013-ல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே திறந்தபின், ரயிலில் தொங்கியவர்களில் வசதி வந்தவர்கள் காரில் உட்கார்ந்தே கோட்டைப் பக்கம் போகிறார்கள். கொரோனாவோடு ஆபீஸே படுக்கையறைக்குள் வந்தது. தலையணையில் சாய்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, மூன்று மீட்டிங் வரிசையாக. டிக்டேஷனுக்கு எழுந்து போன கால்களுக்கு இப்போது கழிவறை தவிரப் போக்கிடம் இல்லை.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகளுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. சத்து சுற்றுப்புறத்திலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். உடம்பின் அசைவு அதற்குத் துணை. ஆகையால் நாற்பதாயிரம் ரூபாய் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருப்பதைவிட, சாதாரண நாற்காலியிலிருந்து அரைமணிக்கு ஒருதரம் எழுவது மேல் என்பது என் கட்சி. போன் வந்தால் எழுந்து நடந்து பேசுங்கள். செலவில்லாத வைத்தியம்.

பெரிய மாற்றம் வைத்தியத்தில்தான். அன்று இடுப்பு பிடித்தால் பலகையில் மல்லாக்கப் படுக்கப் போடுவார்கள், வாரக்கணக்கில். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் 203 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அந்தப் பலகையை உருவியது. இரண்டே நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்கள், ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களைவிடக் குறைந்த நாட்களே வேலையை இழந்தார்கள். குணமடைந்ததில் வேறு வித்தியாசம் தெரியவில்லை. 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி வராமல் தடுப்பதில் உடற்பயிற்சிதான் தேறியது. மருந்துக்கடையில் தொங்கும் இடுப்புப் பட்டை தேறவில்லை. 2024-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது இன்னும் எளிய சேதி. முதுகுவலி வந்து குணமான 701 பேரில் ஒரு பாதியை, இயன்முறை மருத்துவர் துணையோடு மெல்ல மெல்லக் கூட்டி, வாரம் ஐந்து நாள் அரைமணி நடக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வலி திரும்ப, இடைநிலைக் கணக்கில், 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

எல்லா வலியையும் நடந்து தீர்த்துவிட முடியாது. கால் மரத்துப்போய் வலுவிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், வலியோடு காய்ச்சல் இருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், தைலமும் வேண்டாம், நடையும் வேண்டாம்; உடனே டாக்டரிடம் போங்கள்.

சரி, நடப்பது எங்கே? நடைபாதையில் பாதி ஸ்கூட்டருக்கு, மீதி கடைக்கு. மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகள் பல வருஷம் டைமண்ட் கார்டன் பக்கச் சாலையைக் குறுக்கின. மறுகட்டுமானக் கூட்டங்களில் ஒரு வீட்டுக்கு எத்தனை கார் நிறுத்தலாம், ஜிம் எந்த மாடியில் என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். மாடிப்படிக்கு வெளிச்சமும் பிடிமானமுள்ள கைப்பிடியும், வளாகத்துக்குள் கார் நுழையாத ஒரு நடைவட்டமும் வேண்டும் என்று கேட்பவர் குறைவு. பில்டரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்தான் அதைக் கேட்க முடியும்.