பட்டிமன்றம் ஏறிய பாட்டும் ஏறாத விளையாட்டும்

திண்டுக்கல் வட்டாரத்தில் திரைப்பாடலைப் பற்றிய அபிப்பிராயம் வீட்டுத் திண்ணையோடும் தேநீர்க்கடை பெஞ்சோடும் நின்றுவிடுவதில்லை. அதற்கென்று மேடையும் நடுவரும் எதிரணியும் உண்டு. இந்நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய திண்டுக்கல் ஐ. லியோனி, இலக்கியக் கழகங்களின் சொத்தாக இருந்த பட்டிமன்றத்தைத் திரையிசையின் பக்கம் திருப்பி, மக்கள் மனத்தில் நிற்பவை பழைய பாடல்களா புதிய பாடல்களா என்ற வழக்கைக் கோயில் திடல்களுக்கும் கல்லூரி அரங்குகளுக்கும் கொண்டுசென்றார். அந்தப் பேச்சுகள் ஒலிநாடாக்களில் பதிவாகி, பாட்டு நாடாக்களுக்குப் பக்கத்திலேயே கடைகளில் விற்பனைக்கு அடுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டில் அவர் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயினும் வெகுமக்கள் ரசனையைப் பொது வாதத்துக்கு உரிய பொருளாக ஆக்கியதே தமிழ்ச் சமூகத்துக்கு அவர் செய்த பெரிய பணி என்று சொல்ல இடமுண்டு.

பட்டிமண்டபம் மணிமேகலையிலேயே இடம்பெறும் அளவுக்குப் பழையது. இந்திர விழாவின்போது சமயவாதிகள் முறையறிந்து ஏறி வாதிட வேண்டிய இடமாக அது அங்கே காட்டப்படுகிறது. அண்மைக் காலத்தில் 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், பின்னர் குன்றக்குடி அடிகளாரும், மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையாவும் அதனைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தனர். பாட்டுப் பட்டிமன்றத்தின் தனிச்சிறப்பு அதன் சான்றுமுறையில் இருக்கிறது. புதுப் பாட்டில் பொருளே இல்லை என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாட்டை அவர் பாடிக்காட்டியாக வேண்டும். எதிரணியினர் அதே இசையமைப்பாளரின் வேறொரு மெட்டைப் பாடி அந்தக் கூற்றை உடைப்பார்கள். கூட்டம் வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். கேட்காத பாட்டைப் பற்றி அங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ரசனை பற்றிய விவாதத்துக்கு இதைவிட நேர்மையான ஒழுங்கு வேறொன்று தமிழ்நாட்டில் உருவாகவில்லை.

இருந்தபோதிலும் அந்த வாதங்களைக் கூர்ந்து கேட்டால், பாட்டைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி அந்தப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்த கருவியைப் பற்றியதாகவே இருப்பதைக் காணலாம். பழைய பாட்டில் சொல் தெளிவாக விழும் என்பது பழைய அணியின் முதல் வாதம். அதில் உண்மை உண்டு, டி.எம். சௌந்தரராஜன் போன்றோரின் உச்சரிப்பும், குரலை முன்னிறுத்திப் பதிவு செய்த அக்கால ஒலிப்பதிவு முறையும் அதற்குக் காரணம். ஆனால் அந்தப் பாட்டைச் சின்னாளப்பட்டியிலோ வத்தலக்குண்டிலோ மக்கள் கேட்டது கல்யாண வீட்டு மைக் செட்டின் குழாய் ஒலிபெருக்கியில். வேப்பமரத்தில் கட்டிய அந்தக் குழாய், மனிதக் குரல் இயங்கும் நடுத்தர ஒலிகளைத் தெருக்கோடி வரை கொண்டுபோகும். தாளத்தின் அடியொலியை அநேகமாகக் கைவிட்டுவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி மைக் செட்காரர் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட இசைத்தட்டுகள், குரல் மேலெழுந்தும் வாத்தியம் தணிந்தும் ஒலித்ததில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குமேல் இடமில்லை என்பதால், பல்லவியும் சரணமும் சுருங்கச் சொல்லி முடிக்கும் கட்டுக்கோப்பும் பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து வந்த ஒலிநாடா, தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்பவர் கையில் கொடுத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட், 1980களில் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களை நிறைத்தது. ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டோடு ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் பதிந்து தருவார். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் ஆறு அல்லது ஏழு பாட்டுதான் பிடிக்கும் என்பதால், எழுதுபவர் யோசித்து, அடித்து, திருத்தி எழுத வேண்டியிருந்தது. அந்தத் தாளில் இடம்பெறாத நூற்றுக்கணக்கான சுமாரான பாட்டுகள் மறைந்துபோயின. இன்று எழுபதுகளின் பாட்டு எல்லாமே நன்றாக இருந்தது என்று ஒருவர் சொல்லும்போது, சல்லடையில் தங்கியதை வைத்து முழு விளைச்சலையும் மதிப்பிடுகிறார். அதோடு, பதின்வயது முதல் இருபதுகளின் நடுப்பகுதி வரை நடந்தவை பிற்காலத்தில் மற்றவற்றைவிட அதிகமாக நினைவுக்கு வரும் என்று உளவியலாளர் கண்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவரவர் இளமையில் கேட்டதே பொற்கால இசையாகத் தோன்றுவதன் காரணம் விளங்கும்.

வானொலியின் கதை இம்மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. பண்பலை என்னும் எஃப்.எம். ஒலிபரப்பின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவோ மலையோ குறுக்கிட்டால் வலுவிழப்பவை. ஆகவே கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் அது எட்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, திண்டுக்கல், நிலக்கோட்டைச் சமவெளிகளையும் தாண்டிப் பல மாவட்டங்களைச் சென்றடைவது அந்த மலையின் உயரத்தால்தான். எந்தத் தலைமுறை எந்தப் பாட்டைத் தன் பாட்டாகக் கருதுகிறது என்பதில் நில அமைப்புக்கும் பங்கிருக்கிறது.

ரசனையை அதிகாரத்தால் நடத்த முயன்றால் என்ன ஆகும் என்பதற்கும் வானொலியே சான்று. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. இந்திய இசையின் கமகங்களுக்கு அது பொருந்தாது என்பது வாதம். அந்த விலக்கு தளரத் தொடங்க 1971 வரை ஆனது. 1952இல் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் செவியைக் கெடுக்கிறது என்று கருதி வானொலியில் அதன் இடத்தைக் குறுக்கினார். கேட்பவர்கள் செவியை மாற்றிக்கொள்ளவில்லை, இலங்கை வானொலிக்கு மாறிக்கொண்டார்கள். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு அந்த இடப்பெயர்ச்சி ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பின் குரல்களான கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் வீட்டு மனிதர்களைப் போல அறியப்பட்டிருந்தார்கள்.

இசையை உருவாக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றிய மனத்தாங்கலும் புதிதன்று. மின்னிசைக் கருவிகளும் கணினியும் ஒன்றுக்கொன்று கட்டளை பரிமாறிக்கொள்ள உதவும் மிடி என்னும் பொதுநெறி 1983இல் வந்தது. 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினிவழித் தாளக் கோவைகளைக் கையாண்டார். 1992இல் ‘ரோஜா’ மூலம் ஏ.ஆர். ரகுமான் ஒலியின் அமைப்பையே மாற்றினார். இயந்திரம் வாசிக்கிறது, மனிதர் எங்கே என்று அன்று கேட்கப்பட்ட கேள்வியே இன்று சுருதித் திருத்த மென்பொருளைப் பற்றியும் கேட்கப்படுகிறது. இவற்றுள் ஒரு குறை மட்டும் நியாயமானது. ஒலியழுத்தம் என்னும் முறையில் பாட்டின் மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உரத்த பகுதிகளை மட்டுப்படுத்தி, முழுவதையும் ஒரே உரப்பில் நிறுத்தும் வழக்கம் வளர்ந்துவிட்டது. ஏற்ற இறக்கம் குறைந்த பாட்டு செவியைச் சீக்கிரம் சோர்வடையச் செய்கிறது. பழைய அணியினர் மேடையில் சொல்ல வேண்டிய வாதம் இதுதான். அவர்களோ பெரும்பாலும் வரிகளோடு நின்றுவிடுகிறார்கள்.

பாட்டுக்குக் கிடைத்த இந்த மேடை வீடியோ கேமுக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அது தமிழ்நாட்டுச் சிறுநகரங்களுக்கு வந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. 1990களில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் மலிவான டிவி கேம் பெட்டிகள் வந்தன. அவற்றில் செருகும் கேம் கேசட்டுகளைப் பையன்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, கணினிகளை வலையாக இணைத்து ஆடினார்கள். 2016இல் ஜியோ வந்து இணையச் செலவு சரிந்தபின் விளையாட்டு கைபேசிக்குள் குடியேறியது. அந்தப் பையன்கள் இன்று தந்தையர். ஆயினும் விளையாட்டைப் பற்றிய பொதுப்பேச்சு இன்னமும் ஆடிப்பார்க்காதவர்களின் பேச்சாகவே இருக்கிறது.

இதனால் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம். கடனும் தற்கொலைகளும் செய்தியானதைத் தொடர்ந்து தமிழ்நாட்டரசு கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பை நம்பிய ஆட்டங்களாக வகைப்படுத்திய பட்டியலை மட்டும் நீக்கியது. 2025இல் வந்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்து, போட்டி விளையாட்டாக ஆடப்படும் இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்க வேண்டிய தனிவகையாக ஏற்றது. சட்டம் காட்டும் இந்த வேறுபாட்டைப் பல வீடுகள் இன்னும் அறியவில்லை.

இரண்டாவது, தடையின் காரணம். 2020 செப்டம்பர் 2ஆம் நாள் தடைசெய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜி என்னும் கைபேசி விளையாட்டும் இருந்தபோது, பிள்ளைகளைக் கெடுப்பதால் அரசு நிறுத்திவிட்டது என்று பெற்றோர் பலர் நிம்மதியடைந்தார்கள். அரசாணை சொன்ன காரணமோ நாட்டின் பாதுகாப்பும் பயனர் தகவல்களின் பாதுகாப்பும். 2021 ஜூலையில் அந்த விளையாட்டு இந்தியாவுக்கான வேறு பெயரோடு திரும்பி வந்தது. பிள்ளைகள் நலம் பற்றிய கேள்வி தொடப்படாமலே கிடந்தது.

மூன்றாவது, நோய். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப்பட்டியலில் விளையாட்டுச் சீர்குலைவு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும், படிப்பையோ வேலையையோ உறவையோ பெரிதும் பாதிக்கும் அளவுக்கு, வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். கோடை விடுமுறையில் இரண்டு மணிநேரம் கூடுதலாக ஆடும் சிறுவனுக்கு நோயாளி என்று பெயர் சூட்டுவது அநியாயம். உண்மையிலேயே இந்த நிலையில் இருப்பவனைச் செல்லம் என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

ஆட்டங்களைப் பற்றி வேறு விதமாகவும் பேசலாம் என்பதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண்ணொருத்தியின் கதை. அம்மா தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்தும் கிழிந்தும் போயிருக்க, ஆடுபவர் இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் இடுவது என்று ஊகித்துச் சமைக்க வேண்டும். மகன் தமிழைவிட்டு விலகிச் செல்வது ஆட்டத்தின் ஊடே புலப்படுகிறது. சமைக்கும்போது ஒலிக்கும் பாடல்கள் வெவ்வேறு காலத்துத் தமிழ்த் திரையிசையமைப்பாளர்களின் பாணிகளை நினைவூட்டுமாறு அமைக்கப்பட்டவை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வு பெற்றது. சுட்டுத்தள்ளுவதும் ஓட்டப்பந்தயமும்தான் வீடியோ கேம் என்று கருதுவோர் இதனை ஒருமுறை ஆடிப்பார்த்தால், அவர்களுடைய வாதம் குறைந்தது ஒரு படி மேம்படும்.

ஆகவே திண்டுக்கல்லின் பள்ளிகளும் கல்லூரிகளும் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் வரும் ஆண்டுவிழாவில் ஒரு மாலைப்பொழுதை இந்தத் தலைப்புக்கு ஒதுக்க வேண்டும். பாட்டுப் பட்டிமன்றத்தின் விதியே அங்கும் விதியாக இருக்கட்டும்: பேசுபவர் முதலில் திரையில் ஆடிக்காட்ட வேண்டும், பிறகே குற்றமோ பாராட்டோ சொல்ல வேண்டும். எதிரணியில் மாணவர்கள் அமரட்டும், நடுவர் நாற்காலியில் ஆசிரியர் அமரட்டும். விழா வரும்வரை காத்திருக்க இயலாத பெற்றோர், இன்றிரவு கைபேசியைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுவதும் பார்த்துவிட்டு, அதன்பின் தம் கட்சியைச் சொல்லத் தொடங்கலாம்.