பில்லைப் படிக்கப் பணம் எதற்கு?



மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே உள்ள அனுப்பம்பட்டு போன்ற ஊர்களில் மளிகைக் கடை நடத்துவோருக்கு, முன்பெல்லாம் பில் என்றால் சரக்கு மூட்டையோடு வரும் காகிதம்தான். கம்பியில் குத்தி வைத்தால் வேலை முடிந்தது. இன்று மொத்த வியாபாரியின் பில் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். கோப்பாக வருகிறது. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழும் அப்படியே.

அதைத் திறக்கும்போதுதான் தொல்லை. "7 நாள் இலவசம்" என்று திரையை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வருகிறது. கடையில் நாலு பேர் நிற்கும் நேரம். அவசரத்தில் 'சரி' என்று தட்டி, ரகசிய எண்ணையும் போட்டுவிட்டால், எட்டாம் நாள் முதல் நம் கணக்கில் சந்தா பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சில நூறு ரூபாய்தானே என்று விட முடியுமா? எத்தனை கிலோ பருப்பு விற்றால் அந்த லாபம் கிடைக்கும் என்று நமக்குத்தான் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பி.டி.எஃப். கோப்பைப் படிப்பதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. அடோபி நிறுவனம் 1993ல் இதை அறிமுகப்படுத்தியபோது, படிக்கும் மென்பொருளுக்கு 50 டாலர் விலை வைத்தது. வாங்க ஆளில்லை. பிறகு அதை இலவசமாக்கியதும்தான் உலகமெங்கும் பரவியது. 2008ல் பி.டி.எஃப். சர்வதேசத் தரமாகவே அறிவிக்கப்பட்டது. அதனால் இன்று அதைப் படிக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பலர் இலவசமாகவே தருகிறார்கள்.

பணம் கேட்பது எதற்கு? கோப்பைத் திருத்த, பல கோப்புகளை ஒன்றாக்க, வேறு வடிவத்துக்கு மாற்ற. பொதுவாக 'எடிட்', 'கம்பைன்', 'எக்ஸ்போர்ட்' என்ற பொத்தான்களைத் தொட்டால் சந்தாக் கதவு திறக்கும். அடோபியின் இலவச ரீடரிலும் இதே கதைதான். படிக்க, அச்சிட, படிவம் நிரப்ப அது இலவசம்தான். பில் பார்க்கும் நமக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

தொல்லையில்லாத வழிகள் சில:

கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் போதும். அதிலேயே பி.டி.எஃப். திறக்கும், அச்சிடலாம். தனி மென்பொருள்தான் வேண்டும் என்றால், விண்டோஸில் சுமத்ரா பி.டி.எஃப்., லினக்ஸில் ஆக்குலர். இரண்டும் இலவசம், விளம்பரமும் இல்லை. பழைய, வேகம் குறைந்த கம்ப்யூட்டரிலும் சுமத்ரா நன்றாக ஓடும். எதையும் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பகுதியில் அதையே பி.டி.எஃப்.புக்கு உரியதாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், வேறு மென்பொருள் குறுக்கே வராது.

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவே போதும். புது ஆப் எதுவும் ஏற்ற வேண்டாம்.

நம் பில்லை நாமே பி.டி.எஃப். ஆக்க வேண்டுமா? விண்டோஸ் 10, 11ல் அச்சிடும்போது பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் காசில்லாமல் கோப்பு தயார். "இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று அழைக்கும் முகம் தெரியாத இணையதளங்களில் கொள்முதல் பில்லை ஏற்றாதீர்கள். நம் விலையும் சரக்கும் அந்நியர் கைக்குப் போவானேன்?

ஏற்கெனவே சந்தாவில் மாட்டிக்கொண்டவர்கள் கவனிக்க. ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குள் போய் ரத்து செய்யுங்கள். யு.பி.ஐ. ஆப்பிலும் 'ஆட்டோபே' பகுதியைப் பாருங்கள். இவ்வகைத் தானியங்கிப் பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நடக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. ஓயாமல் நச்சரிப்பது அதில் ஒன்று. சந்தாவில் சிக்க வைப்பது இன்னொன்று. இலவசச் சந்தாவுக்கே பணம் பிடிக்கும் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும், ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும் சந்தாப் பொறியாகவே கருதப்படும். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் பிடித்த தேதி, தொகை, திரையின் படம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். பி.டி.எஃப். பில்களை மாதவாரியாகப் பிரித்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். எந்த ஆப் போனாலும், கோப்பு நம்மிடம் இருந்தால் கவலையில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். "இலவசம்" என்று போனில் வரும் மாட்டை மட்டும் பல்லைப் பிடித்துப் பார்த்தே கொட்டிலில் கட்டுவோம்.