பழைய உதிரிப் பாகங்களை என்ன செய்வது?

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இது நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் காருக்கும் ஓரளவு பொருந்தும். ஒரு பாகம் தேய்ந்துபோனாலும், அதைவிடச் சிறந்த பாகம் கடைக்கு வந்தாலும் நாம் புதியதை வாங்கிப் பொருத்துகிறோம். புது டயர், புது பாட்டரி, புது விளக்கு, புது இருக்கை என்று வண்டி பொலிவு பெறுகிறது. கழற்றிய பழையது எங்கே போகிறது? மாடிப்படிக்கு அடியிலோ கிணற்றடியிலோ ஒரு மூலைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது பொன்னாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். எது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியைப் பற்றிய பேச்சு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்த மூலையைப் பெருக்குபவர்கள் பெரும்பாலும் நம் அன்னையரும் நாமும்தான். அங்கே ஒளிந்து விளையாடுபவர்கள் நம் தம்பி தங்கையர். ஆகவே இதை அறிய வேண்டிய கடமை நமக்கும் உண்டு.

முதலில் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். 1859ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததே பெரும்பாலான பெட்ரோல், டீசல் வண்டிகளில் உள்ள பாட்டரி. அதன் எடையில் பாதிக்குமேல் ஈயம். உள்ளே இருப்பது நீர் கலந்த கந்தக அமிலம். பாட்டரி செயலிழந்த பின்னும் இவை உள்ளேயேதான் இருக்கின்றன. அமிலம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். ஈயமோ சத்தமின்றித் தீங்கு செய்யும். அது தூசியாக உடலுக்குள் சென்றால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ‘இந்த அளவு வரை ஆபத்தில்லை’ என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டாக்கரை அடுத்து தியாரோய் சுர் மேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். ஈயத் துகள் கலந்த மண்ணை மக்கள் அள்ளிச் சென்று சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் ஈய நஞ்சினால் இறந்துபோயின. தம் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்காகப் பெற்றோர் செய்த வேலையே அப்பிள்ளைகளுக்கு எமனாக முடிந்தது எவ்வளவு கொடுமை!

அதே ஈயத்தைத் தகுந்த ஆலையில், தகுந்த பாதுகாப்புடன் உருக்கினால் அது மீண்டும் புதிய பாட்டரியாகிறது. எனவே பழைய பாட்டரியைக் கண்டவரிடம் எடைக்குப் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுக்க வேண்டும். பொதுவாகக் கடைக்காரர் அதற்காக விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதே வைத்துள்ளன. பாட்டரியைச் சாய்க்காமல், நிமிர்த்தி வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் அதை உடைக்கவே கூடாது.

அடுத்தது டயர். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. சித்திரை வெயிலிலும் டயர் இளகாமல் ஓடுவதற்கு இப்பிணைப்பே காரணம். தேய்ந்த டயரை மெழுகைப்போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாமைக்கும் அதுவே காரணம். மண்ணில் புதைத்தால் எளிதில் மக்காது. கொளுத்தினால் கரும்புகையும் நச்சு வாயுக்களும் தெரு முழுவதும் பரவும்.

சும்மா கிடக்கட்டுமே என்று விட்டாலோ மழைநீர் தேங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் குடியேறும். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டயரின் உட்சுவரில் ஒட்டியுள்ள முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கூரையின் கீழ் வைத்து, விரைவில் டயர் கடையில் சேர்த்துவிட வேண்டும். லாரி டயர்களுக்குப் புது மேற்பரப்பு ஒட்டி மீண்டும் ஓட்டுகிறார்கள். மற்றவை கூடையாகவும் செருப்பாகவும் மாறுகின்றன. தூளாக அரைக்கப்பட்டுச் சாலை போடும் தாருடனும் கலக்கின்றன. ஊஞ்சல் கட்ட விரும்பினால், நீர் வடிவதற்கு அடியில் துளைகள் இட மறக்கக் கூடாது.

என்ஜினிலிருந்து வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும், கரையான் அரிக்காமலிருக்கக் கம்பங்களில் பூசுவதும் பலருடைய வழக்கம். அந்தக் கறுப்பு எண்ணெயில் என்ஜின் தேய்ந்த உலோகத் துகள்கள் கலந்திருக்கின்றன. நீரில் அது ஏடாகப் பரந்து, காற்று நீரில் கரைவதைத் தடுக்கிறது. இதை மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயிலை முறைப்படிச் சுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் கொடுப்பதே சரி.

உயிரைக் காக்கும் பாகங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தேய்ந்த பிரேக் ஷூ, அறுந்த கேபிள், விரிசல் கண்ட சக்கரம் ஆகியவற்றைப் பிறருக்கு இரக்கப்பட்டும் கொடுக்கக் கூடாது. மெருகேற்றிப் புதியதுபோல் விற்றுவிட்டால், முகம் தெரியாத ஒருவர் பள்ளத்தில் இறங்கும்போது அந்தப் பிரேக் பிடிக்காமல் போகலாம். ஆதலால் மீண்டும் பொருத்த முடியாதபடி அவற்றைச் சிதைத்து, பழைய இரும்புக் கடையில் போட வேண்டும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட காலிப் பெட்டிகளையும் கிழித்துப் போடுவது நல்லது. போலிச் சரக்கை அடைத்து விற்பவர்களுக்கு அவை உதவாமல் போகும். பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதை வாயால் ஊதவும் கூடாது.

இனி நல்ல நிலையில் உள்ளவை. அழகுக்காக மாற்றிய விளக்கு, ஹாரன், சைலன்சர் முதலியவற்றின் அசல் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். வண்டியின் அசல் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே பழையதையே திரும்பப் பொருத்த நேரிடலாம். வண்டியை விற்கும்போதும் அவை உதவும். தேவையில்லை என்றால், சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகங்களை வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன. அலுமினியப் பாகங்களை உருக்கி மீண்டும் பயன்படுத்துவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும்.

தோழியரே, இன்னொரு வழியும் உண்டு. பக்கக் கண்ணாடி ஒரு குவியாடி. முகப்பு விளக்கின் பளபளக்கும் கிண்ணம் ஒரு குழியாடி. ஹாரனுக்குள் மின்காந்தம் இருக்கிறது. பற்சக்கரம் எந்திரவியல் பாடத்தையே கையில் தந்துவிடும். நாம் புத்தகத்தில் படமாகப் பார்ப்பவை நம் வீட்டு மூலையில் பொருளாகவே கிடக்கின்றன! உடையாதவற்றைத் துடைத்து ஆய்வகத்துக்குத் தந்தால் நமக்குப் பின் வரும் மாணவியரும் தொட்டுப் பார்த்துக் கற்பார்கள். பெரிய பாகங்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குத் தரலாம்.

அடுத்த முறை வண்டி பழுது பார்க்கப் போகும்போது, “அண்ணா, கழற்றிய பழையதை என்ன செய்வீர்கள்?” என்று மெக்கானிக்கிடம் கேட்கும்படி பெற்றோரிடம் சொல்வோம். புதியதை வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது பழையதை அனுப்பி வைப்பதிலும் காட்டுவோம். நம் வீட்டுக் குழந்தைகளோடு, நாம் பார்த்திராத வீட்டுக் குழந்தைகளும் நோயின்றி வாழ அது துணை செய்யும்.